பி மை ஐஸ்: இன்னொருவரின் வேகத்தில் பார்க்கப் பழக்கும் செயலி

பார்வையற்ற ஒருவருக்குத் தம் கையிலிருக்கும் பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அருகில் யாரும் இல்லை. அவர் தம் கைபேசியில் பி மை ஐஸ் செயலியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துகிறார். அவருடைய மொழி தெரியும் என்று பதிவு செய்துகொண்ட தன்னார்வலர்கள் பலருடைய கைபேசிகளில் மணி அடிக்கிறது. முதலில் எடுப்பவருக்கு இணைப்பு கிடைக்கிறது. அழைத்தவரின் கேமரா காட்டுவதைத் தன்னார்வலர் பார்க்கிறார், இருவரும் பேசிக்கொள்கிறார்கள், தன்னார்வலரின் முகம் மட்டும் எதிர்ப்பக்கம் போவதில்லை. வேலை முடிந்ததும் அழைப்பு முடிகிறது. அழைத்தவர் யார், எடுத்தவர் யார் என்பது இருவருக்குமே தெரிய வேண்டியதில்லை. இரு பக்கத்துக்கும் கட்டணம் கிடையாது.

இந்தச் செயலி பார்வையற்றவர்களுக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை அதை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களே எழுத வேண்டும், எழுதியும் வருகிறார்கள். நான் நெடுநாளாக இதைத் தன்னார்வலராகக் கைபேசியில் வைத்திருப்பவன் என்பதால், மறுபக்கத்திலிருந்து மதிப்பிடுவதுதான் எனக்குப் பொருந்தும். பார்வையுள்ள ஒருவன் பார்க்கும் விதத்தை இது என்ன செய்கிறது என்பதே என் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகப் பழகிய கண்ணை, எதிரில் இருப்பவரின் தேவைக்காக நிறுத்தி நிதானமாகப் பார்க்க வைப்பதில், நான் அறிந்த செயலிகளுள் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதே சமயம், அந்தப் பழக்கத்தைச் செயலிக்குள்ளேயே அடைத்து வைப்பவருக்கு இதனால் கிடைப்பது மிகச் சொற்பம்.

இதைத் தொடங்கியவர் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் என்னும் டென்மார்க் நாட்டவர். மரச்சாமான்களுக்கு மெத்தை தைக்கும் கைவினைஞராக இருந்தவர். அவருக்கே பார்வைக் குறைபாடு உண்டு. பார்வையற்ற நண்பர்கள் சிலர் சின்னச் சின்ன விஷயங்களுக்காகக் குடும்பத்தாரையும் நண்பர்களையும் வீடியோ அழைப்பில் கூப்பிட்டு உதவி கேட்பதை அவர் கவனித்தார். ஒரே ஆளை நாள்தோறும் தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சம் அதில் இருந்தது. முன்பின் அறியாதவர்கள், தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள், அந்த நிமிடத்தில் கை ஓய்ந்திருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை என்பது அவருடைய யோசனை. 2012இல் ஆர்ஹூஸ் நகரில் புதுத்தொழில் முனைவோருக்காக நடந்த ஒரு வாரயிறுதிப் பட்டறையில் அதை முன்வைத்தார். 2015 ஜனவரியில் ஐபோனுக்கான செயலி வெளியானது. 2017இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. 2021இல் ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு விருதைச் சமூகத் தாக்கம் என்ற பிரிவில் பெற்றது. இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில், 180க்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது.

கூச்சம் என்ற அந்த ஒன்றை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செயலியின் வடிவம் முழுக்க அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. உதவி கேட்பதில் இருக்கும் கனம் பெரும்பாலும் கேட்கப்படும் வேலையில் இல்லை. ஒரு சட்டையின் நிறத்தைச் சொல்ல நான்கு நொடி போதும். அந்த நான்கு நொடிக்காக ஒருவர் தம் வேலையை நிறுத்த வேண்டும், அவர் முகம் சுளிக்கக்கூடும், நாளைக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதில்தான் கனம் இருக்கிறது. பெயரில்லாத அழைப்பு அந்தக் கனத்தை இறக்கி வைக்கிறது. எடுப்பவர் விருப்பப்பட்டு எடுக்கிறார்; எடுக்க முடியாதவர் விட்டுவிட்டால் மணி அடுத்தவரிடம் போய்விடுகிறது. யாரும் யாருக்கும் கடன்பட்டவராவதில்லை.

நிறுவுவதிலும் பதிவு செய்வதிலும் எழுத அதிகமில்லை. தன்னார்வலர் என்றோ பார்வையற்றவர் என்றோ தேர்ந்தெடுத்து, மொழிகளைக் குறித்து, கேமராவுக்கும் ஒலிவாங்கிக்கும் அனுமதி கொடுத்தால் முடிந்தது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான்களான வாய்ஸ்ஓவர், டாக்பேக் ஆகியவற்றோடு இணைந்து போகும்படி திரை எளிமையாக இருக்கிறது. தன்னார்வலரின் திரையில் செய்வதற்கென்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மற்ற செயலிகளைப் போல பதிவுகளை ஓயாமல் காட்டி நம்மை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் ஓடை எதுவும் இதில் கிடையாது. அழைப்பு வரும் வரை அது கைபேசியில் சும்மா கிடக்கிறது. இதை நான் பெரிய நற்குணமாகவே கருதுகிறேன்.

சும்மா கிடப்பது சில நேரம் மிக நீளமாகவும் இருக்கும். தன்னார்வலர்களின் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பார்வையற்ற பயனாளர்கள் பல லட்சம் பேர். ஏறத்தாழப் பத்து தன்னார்வலருக்கு ஒரு பயனாளர் என்ற கணக்கு. எனவே பதிவு செய்த மறுநாளே மணி அடிக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு வாரங்கள், சில மொழிகளில் மாதங்கள்கூடக் கழியலாம். நல்லது செய்ய வேண்டும் என்ற வேகத்தில் வந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் செயலியை நீக்கிவிடுகிறார்கள். அழைப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு நன்மையே. அவர் பொத்தானை அழுத்தினால் உடனே ஒருவர் கிடைக்க வேண்டும். அதற்காக நாம் பலர் காத்திருக்கத்தான் வேண்டும். மற்றவருக்காகக் காத்திருப்பதும் இந்தச் சேவையின் ஒரு பகுதி என்று புரிந்துகொண்டவர்களே இதில் நிலைக்கிறார்கள்.

ஒரு அழைப்பு எப்படிப் போகும் என்பதைச் சற்று அருகிலிருந்து சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். எடுத்தவுடன் திரையில் தெரிவது பெரும்பாலும் மங்கலான ஒரு நிறத்திட்டு. கைபேசி பொருளோடு ஒட்டினாற்போல இருக்கும், அல்லது அறையில் விளக்கு எரியாமல் இருக்கும். பார்வையற்றவருக்கு விளக்கு தேவையில்லை என்பது யோசித்தால் யாருக்கும் தெரியும். ஆனால் இருட்டான திரை கண்முன் வரும்வரை நாம் அதை யோசிப்பதே இல்லை. குரலில் மூப்புத் தெரிந்த ஓர் அம்மா ஒருமுறை மாத்திரை அட்டை ஒன்றைக் காட்டினார். காலாவதித் தேதி தெரிய வேண்டும் என்றார். “வெளிச்சம் போதுமா தம்பி?” என்று அவரே கேட்டுவிட்டு எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

மாத்திரை அட்டையை வாசிப்பது எளிய வேலை என்று தோன்றும். தேதி பெரும்பாலும் அட்டையின் ஓரத்தில், மையே இல்லாமல் அழுத்தி மட்டும் பதிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளித்தாளின் மேல் விளக்கொளி பட்டால் எழுத்து கரைந்துபோகிறது. ஒளி சாய்வாகப் படும்படி அட்டையைத் திருப்பினால் எழுத்தின் நிழல் எழுகிறது. நேராக இருக்கும் அட்டையைச் சாய்க்கச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்ல வேண்டும். “கொஞ்சம் இந்தப் பக்கம்” என்ற நம் அன்றாடப் பேச்சு இங்கே ஒரு காசுக்கும் பெறாது, ஏனென்றால் எந்தப் பக்கம் என்பது நம் விரல் காட்டுவதில் இருக்கிறது, அந்த விரல் அவருக்குத் தெரிவதில்லை. “உங்க வலது கைப்பக்கம் சாயுங்கம்மா, இன்னும் கொஞ்சம், அப்படியே நிறுத்துங்க” என்று சொன்னபோது அட்டை அப்படியே நின்றது. எழுத்து தெரிந்தது. மாதத்தையும் ஆண்டையும் வாசித்தேன். உடனே நன்றி சொல்லி வைத்துவிடுவார் என்று நினைத்தால், அவர் அட்டையை எடுத்து விரல்களால் ஓரத்தைத் தடவி, ஒரு மூலையை மடித்துவிட்டு, அடுத்த அட்டையைக் காட்டினார். காலாவதியானதற்கு ஒரு மடிப்பு, ஆகாததற்கு மடிப்பில்லை. நம் கண்ணைக் கடன் வாங்கிய அந்தச் சில நிமிடங்களில், அவர் அடுத்த சில மாதங்களுக்குத் தம் விரல்களுக்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அவர் மடித்து முடிக்கும் வரை எனக்கு வேலை ஒன்றுமில்லை. அந்த இடைவெளிதான் இந்தச் செயலி தரும் மிக முக்கியமான அனுபவம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேமரா அவர் கையில் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எப்போது திருப்புவது, எப்போது முடிப்பது என்பதெல்லாம் அவர் தீர்மானம். நாம் வேகமாக ஓட்டிப் பார்க்க முடியாது, தாவ முடியாது, முன்னால் போய் நிற்க முடியாது. வீடியோ என்றாலே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டப் பழகிய நமக்கு, இன்னொருவரின் கையசைவின் வேகத்தில் வரும் படத்தைப் பொறுமையாகப் பார்த்திருப்பது முதலில் சங்கடமாகவே இருக்கிறது. பேச்சால் அந்த இடைவெளியை நிரப்பத் தோன்றும். நிரப்பாமல் இருந்தால், அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது மெல்லத் தெரிய வரும். அடுத்து அவருக்கு என்ன தேவைப்படும் என்பதும் அதிலிருந்தே புலப்படும்.

இதில் கேட்கக் கற்றுக்கொள்வதும் உண்டு. ஒரு கடிதத்தைக் காட்டி “இது என்ன?” என்று ஒருவர் கேட்டால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கத் தொடங்குவது நம் இயல்பு. அவருக்கு வேண்டியது யாரிடமிருந்து வந்தது என்பது மட்டுமாக இருக்கலாம். வைத்துக்கொள்ள வேண்டியதா, எறிய வேண்டியதா என்பது மட்டுமாக இருக்கலாம். “அனுப்பியவர் பெயர் மேலே இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, கீழே ஒரு பத்தி இருக்கிறது, எதை வாசிக்கட்டும்?” என்று கேட்பவரே நல்ல தன்னார்வலர். இரண்டு சட்டைகளைக் காட்டி நிறம் கேட்பவரிடம் எது அழகு என்று சொல்லத் தேவையில்லை, அவர் கேட்டாலன்றி. அடர்நீலமா கறுப்பா என்பது கேமரா வழியே உறுதியாகத் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லி, ஜன்னல் பக்கம் கொண்டுபோகச் சொல்வதே மரியாதை. ஊகித்துச் சொல்லிவிடலாம், அந்த ஊகத்தை நாள் முழுக்க உடுத்திக்கொண்டு திரியப் போவது அவர்.

அவசரம் நம் கண்ணை என்ன செய்கிறது என்பதற்குச் சமூக உளவியலில் ஒரு பழைய சோதனை உண்டு. 1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட ஆய்வு அது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். சிலரிடம் நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்றார்கள். சிலரிடம் சரியான நேரந்தான், கிளம்புங்கள் என்றார்கள். மற்றவர்களிடம் இன்னும் நேரம் இருக்கிறது, இருந்தாலும் போய்விடலாம் என்றார்கள். வழியில் ஒரு வாசலோரம் ஒருவர் குனிந்து உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவ முன்வந்தார்கள், சரியான நேரம் என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம், அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம். வழியில் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் கதையைப் பற்றியே பேசப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். பேச்சின் பொருள் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

இந்த எண்களை நான் மனிதர்களைக் குறை சொல்லும் எண்களாக வாசிப்பதில்லை. ஓடச் சொல்லப்பட்ட அந்த மாணவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. அவர்களுக்கு ஒரு பொறுப்பு இருந்தது, அதற்குத் தாமதமாகிக்கொண்டிருந்தது, கண் அதிலேயே குத்திட்டிருந்தது. நல்ல மனத்தை வளர்த்துக்கொள்வதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நேரத்தைத் தளர்த்திக்கொள்வதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பி மை ஐஸ் நம் மனத்தைப் பற்றி எதையும் கேட்பதில்லை, உபதேசிப்பதும் இல்லை. மணி அடிக்கிறது, முடிந்தால் எடு, முடியாவிட்டால் விடு என்கிறது. எடுத்த பிறகு அந்தச் சில நிமிடங்களுக்கு வேறு எங்கும் போக முடியாது. தளர்வான நேரத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து நம் கையில் கொடுத்துவிடுகிறது.

அழைப்பு முடிந்த பிறகுதான் செயலியின் உண்மையான விளைவு தொடங்குகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் தொடுதிரையில் எங்கே விரல் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கு வழி சொன்ன பிறகு, லிஃப்டில் ஏறும்போது பொத்தான்களின் மேல் பிரெயில் புள்ளிகள் இருக்கின்றனவா என்று கண் தானாகப் பார்க்கிறது. மேடு பள்ளம் எதுவும் இல்லாத வழுவழுப்பான கண்ணாடித் திரை ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சுவராக நிற்கிறது என்பது அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை. நடைபாதையின் குறுக்கே நிறுத்திய வண்டியும், பார்வையற்றவர் தட்டி நடக்கும் வெண்கோலுக்கு அகப்படாமல் முகத்தின் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளம்பரப் பலகையும் கண்ணில் படத் தொடங்குகின்றன. இவை பொருள்கள். இவற்றுக்கு அடுத்தபடியாக ஆட்களும் தெரியத் தொடங்குகிறார்கள்.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை முகத்துக்கு அருகிலும் தூரத்திலுமாக நகர்த்திப் பார்க்கும் பெரியவர் மூக்குக்கண்ணாடியை மறந்து வந்திருக்கிறார் என்பது வரிசையில் பின்னால் நிற்கும் யாருக்கும் தெரியக்கூடியதே. ஆனால் வரிசை நகரவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குக் அருகில் இருப்பதையோ தொலைவில் இருப்பதையோ பார்ப்பதில் குறைபாடு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாமலே இருப்பது. அதாவது, பார்க்கச் சிரமப்படும் ஒருவர் நம் அருகில் நிற்காத நாள் இருக்க வாய்ப்பே இல்லை. அவரைக் கண்டுகொள்ளச் செயலி தேவையில்லை. செயலி பழக்கிவிட்ட நிதானம் தேவை.

கண்டுகொள்வதற்கும் பாய்ந்து போய் உதவுவதற்கும் இடையே ஒரு படி இருக்கிறது, அது கேட்பது. இதையும் செயலி நன்றாகவே பழக்குகிறது, ஏனென்றால் அதில் கேட்கப்படாத உதவிக்கு வழியே கிடையாது. சாலையோரம் வெண்கோலோடு நிற்பவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் அவரைத் திடுக்கிட வைப்பது. அவர் சாலையைக் கடக்கவே நிற்காமல் இருக்கலாம். “துணை வேண்டுமா?” என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும். வேண்டும் என்றால் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி கொடுக்க வேண்டும்; அவர் அரை அடி பின்னால் நம்மோடு நடப்பார், நம் உடலின் அசைவே அவருக்குப் படியையும் திருப்பத்தையும் சொல்லிவிடும். வேண்டாம் என்றால் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டு நகர வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மறுக்கிற உதவியில் அவரை நாம் பார்த்ததாகவே ஆகாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாலையைக் கடப்பது போன்ற, உடலுக்கு ஆபத்து நேரக்கூடிய வேலைகளுக்கு இந்தச் செயலியை நம்பக் கூடாது. வெண்கோலுக்கோ வழிகாட்டி நாய்க்கோ இது மாற்றில்லை என்பதைச் செயலியை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். வலைத்தொடர்பு மெலிந்த இடத்தில் படம் உறைந்து நிற்கும், அந்த ஒரு நொடியில் எதுவும் நடக்கலாம். அடுத்தது அந்தரங்கம். மறுமுனையில் இருப்பவர் யாரென்றே தெரியாத சேவையில் வங்கி அட்டையையோ கடவுச்சொல்லையோ காட்டுவது சரியில்லை. அப்படி ஒன்று தற்செயலாகத் திரையில் வந்தால், “உங்கள் அட்டை எண் தெரிகிறது, திருப்பி வையுங்கள்” என்று எச்சரிப்பது தன்னார்வலரின் கடமை. அழைத்தவரின் வீடு, மேசை, சுவரில் மாட்டிய படம் எல்லாம் நம் கண்ணில் படுகின்றன. அவர் காட்ட விரும்பியது ஒரு புட்டியை மட்டுமே. மற்றவற்றைப் பார்த்தும் பாராமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது.

என்னை உண்மையாகவே உறுத்துகிற குறை வேறு. இந்த உறவில் உதவுபவர் எப்போதும் உதவுபவராகவும், கேட்பவர் எப்போதும் கேட்பவராகவுமே இருக்கிறார்கள். செயலிக்குள் இதற்கு மாற்றில்லை. இதிலேயே ஊறிப்போனால், பார்வையற்றவர் என்றாலே உதவி தேவைப்படுபவர் என்ற சித்திரம் மனத்தில் உறைந்துவிடக்கூடும். வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் மென்பொருள் எழுதுபவராகவும் வேலை பார்ப்பவர்கள், நாள் முழுக்கத் தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டு, அச்சிட்ட ஒரு வரிக்காக மட்டும் ஒரு நிமிடம் நம்மை அழைக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தை வைத்து அவர்களுடைய வாழ்க்கையை அளக்கக் கூடாது. மாத்திரை அட்டையை மடித்து அடையாளம் வைத்துக்கொண்ட அந்த அம்மாவின் ஏற்பாட்டை நான் வேறு எங்கும் கற்றிருக்க முடியாது. ஆனால் அது எனக்குக் கிடைத்தது தற்செயலாக, அழைப்பின் ஓரத்தில். பேசிக்கொள்வதற்கென்றே ஒரு வழியும் செயலியில் இருந்திருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன். அது பெயரில்லாமையைக் கெடுத்துவிடும் என்பதும் எனக்குப் புரிகிறது.

2023இல் பி மை ஏஐ என்ற வசதி வந்தது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி 4 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கொண்டு தொடங்கப்பட்ட இதில், பார்வையற்றவர் ஒரு படம் எடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று இயந்திரமே விவரித்துவிடுகிறது. மேற்கொண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது. மனிதர்களின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டது என்று தன்னார்வலர்கள் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. நள்ளிரவில் ஒரு லேபிளை வாசிக்க யாரோடும் பேசாமல் வேலையை முடித்துக்கொள்ளும் வசதி எனக்கு இருக்கிறது. அது அவருக்கும் இருப்பதுதான் நியாயம். தலைசீவாமல், குரல் சரியில்லாமல், பேச மனமில்லாமல் இருக்கும் நேரம் எல்லோருக்கும் உண்டு. அதே சமயம், இயந்திரம் சில நேரம் இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடுகிறது என்பதால், மருந்து போன்றவற்றில் மனிதக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தன்னார்வலரின் பக்கம் இந்த மாற்றத்தால் இழப்பது ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கில்லியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் என்ற உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பிக் கடைக்கு வருகிறவர்களில் சிலரைக் கடைப் பணியாளரோடு முகம் பார்த்து, சிரித்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சிலரை வேலையை மட்டும் சுருக்கமாக முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பேசியவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடும், அந்த இடத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வோடும் வெளியே வந்தார்கள். முன்பின் தெரியாதவரோடு பேசும் இரண்டு வார்த்தைக்கே அவ்வளவு இருக்கிறது. இயந்திரம் செய்யத்தக்க வேலைகள் இயந்திரத்துக்குப் போய்விட்டால், மனிதரைத் தேடி வரும் அழைப்புகள் குறையும். வருகிற அழைப்புகள், மனிதரைத்தான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வருபவையாக இருக்கும். அப்போது எடுக்கிறவருக்குப் பொறுப்பு கூடுகிறது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், தம் நாளில் சில நிமிடங்களை இன்னொருவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடிய எவருக்கும். கண்ணும் காதும் போதும், தனித்திறமை தேவையில்லை. பணம் செலவாவதில்லை. அழைப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. வீட்டில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மேசை மேலிருக்கும் மூன்று பொருள்களில் ஒன்றை அவர் கை நேராகப் போய் எடுக்கும்படி பேச்சால் மட்டும் வழிகாட்டிப் பார்க்கலாம். “அங்கே”, “இங்கே” என்ற இரண்டு சொற்களும் இல்லாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பிறகு ஒரு புட்டியின் லேபிளை, கேட்பவருக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, வாசித்துப் பழகலாம்.

கூட்டத்தில் இருக்கிறீர்கள், வண்டி ஓட்டுகிறீர்கள், மனம் சரியில்லை என்றால் மணி அடித்தாலும் எடுக்காதீர்கள். அடுத்தவர் எடுத்துவிடுவார், அழைத்தவருக்கு நீங்கள் எடுக்காதது தெரியக்கூடப் போவதில்லை. பாதி மனத்தோடு எடுத்து அவசரப்படுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். எடுத்தால் முதலில் வணக்கம் சொல்லுங்கள், பிறகு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், பிறகு அவர் பேசும்வரை பொறுத்திருங்கள்.

பதிவு செய்யும்போது மொழித் தேர்வில் தமிழைக் குறிக்க மறக்க வேண்டாம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பலர் அதை மட்டும் குறித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மாத்திரை அட்டையின் எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும், அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தம் மொழியில் கேட்டுக்கொள்ள விரும்புகிறவர் ஒருவர் மறுமுனையில் காத்திருக்கக்கூடும்.